எதுவும் துளைக்காத கவசம்

அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வந்த ஞாயிறு, வழக்கம்போல வெள்ளவத்தையில் துஷியின் பிளாட்டுக்கு விளையாடப் போனேன். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கும் விளையாட்டு. நான் போர்வீரன். துஷி காயம் ஆற்றும் வைத்தியர். கதையை நடத்துபவன் ரமணன்.

அன்று என் வீரனுக்கு நானே ஒரு கவசம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாளோ நெருப்போ மந்திரமோ அதைத் துளைக்காது. செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் “பரவாயில்லை” என்று சொல்லியே மரத்துப்போயிருந்த எனக்கு அதில் பிழையொன்றும் தெரியவில்லை.

ரமணன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “இது கூடிப்போச்சு மச்சான். ஏதாவது ஒரு குறை வைக்கோணும். வேகத்தைக் குறைப்பமா?”

“வெளியில இருந்து ஒண்டும் உள்ள போகாதெண்டா, என்ர மருந்தும் போகாதுதானே?” என்றாள் துஷி.

நியாயம்தான். அதையே விதியாக்கினோம்.

முந்தின சண்டையில் பட்ட வெட்டு என் வீரனின் விலாவில் ஆறாமல் இருந்தது. எதிரிகள் அடித்த அடி ஒன்றும் படவில்லை. ஆனால் சுற்றுக்குச் சுற்று அவன் உயிர் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் துஷி, “கழட்டன்” என்றாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். வீரன் சாகக் கிடந்தபோதுதான், “சரி, கழட்டுறன்” என்றேன்.

அவள் பகடையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். “நீ எப்பிடியடா இருக்கிறாய்?”

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “தெரியேல்ல துஷி” என்றேன்.

அந்தக் கவசம் இப்போதும் எங்கள் விளையாட்டில் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுக்கிறோம். ஒருவரும் நெடுநேரம் போட்டிருப்பதில்லை.