மடித்து வைத்த கம்பிச் சட்டை

அந்தச் சட்டையைக் கெடுத்தது நீங்கள்தான், அண்ணாச்சி. நான் இல்லை.

வாள்வீச்சில் ஃபாயில் என்று ஒரு பிரிவு. மெல்லிய வாளின் முனையால் எதிராளியின் நெஞ்சு, வயிறு, விலா, முதுகில் குத்த வேண்டும். அங்கே கம்பி இழை ஓடும் சட்டை போட்டிருப்போம். முனை அதில் பட்டால் கலர் விளக்கு எரியும். வேறெங்கே பட்டாலும் வெள்ளை விளக்கு, புள்ளி கிடையாது. இழை அறுந்த இடத்தில் பட்டாலும் வெள்ளைதான்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பயிற்சிக்குப் போவேன். "ஏத்தா, இன்னைக்கு யாரக் குத்தப் போற?" என்று கண்டக்டர் கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மாநில அணியில் இடம் வேண்டும். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர வேண்டும். மானாவாரி நிலத்தை நம்பி அப்பாவால் என்னைப் படிக்க வைக்க முடியாது.

சட்டைகள் வாள்வீச்சுச் சங்கத்துடையவை. செயலாளர் என்று உங்கள் சேலைக் கடையில் வைத்திருந்தீர்கள். தேர்வுப் போட்டிக்கு முன்பு வாங்க வந்தேன். சேலை மாதிரி நாலாக மடித்து, மேலே சேலைக் கட்டுகளை ஏற்றி, நன்றாக அமுக்கி வைத்திருந்தீர்கள். இதை மடிக்கக் கூடாது, தொங்கவிட வேண்டும் என்று கோச் சொன்னதைச் சொன்னேன்.

"ஏ புள்ள, நான் ஜரிகைச் சேலையே மடிக்கிறவன். எனக்கு நீ மடிப்பு சொல்லித் தாரியாக்கும்?"

ஜரிகைச் சேலையையும் மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும். பட்டுச் சேலை வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். சேலை விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

போட்டியன்று காலையில் சட்டையை நெஞ்சிலும் முதுகிலும் மட்டும் சோதித்து முத்திரை போட்டுவிட்டார்கள். அரையிறுதியில் நான் முன்னால் இருந்தேன். எதிராளி என் விலாவில் குத்தினாள். சரியான குத்து, எனக்கே வலித்தது. வெள்ளை விளக்கு எரிந்தது. மறுபடி அதே இடம், மறுபடி வெள்ளை. அவள் முறையிட்டாள். நடுவர் வாள் முனையை அந்த மடிப்பு நெடுக வைத்துப் பார்த்தார். கோடு முழுக்க இழை அறுந்து செத்திருந்தது. மாற்றுச் சட்டை கேட்டார். நாம் கொண்டுபோன இன்னொன்றும் அதே மடிப்பில் போயிருந்தது. என்னை வெளியே அனுப்பினார்கள்.

"வேணும்னே செஞ்சிருக்கு," என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது. கல்லூரியும் இல்லை. இப்போது பாளையம்பட்டியில் ஒரு கடையில் பில் போடுகிறேன். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது முன்கால் தானாக மடங்கி, பாய்வதற்கு நிற்பதுபோல் நிற்கும். நேராக்கிக்கொள்வேன். இன்னும் கொஞ்ச காலம் விளையாடியிருந்தால் எதுவரை போயிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டதுதான் ஆறவில்லை.

இதையும் விழுங்கியிருப்பேன். போன மாதம் சங்கத்தின் பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னீர்கள். "முன்னால நம்ம புள்ள ஒண்ணு செத்த சட்டையப் போட்டு ஏமாத்தப் பாத்துச்சு. நீங்க அப்படிப் பண்ணாதீக." ஃபாயில் பழகும் என் அக்கா மகள் முன்வரிசையில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சி, அடுத்த விழாவிலும் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். நான் வருவேன். அதே பிள்ளைகள் கேட்க, அவர்களைப் பெற்றவர்களும் கேட்கச் சொல்லுங்கள்: அந்தச் சட்டையை மடித்தது யார்?