நாலு இருபதுக்கு வாசலில் நிற்கும் கார்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலே காலுக்கு மணி அடிக்கும். நாலு இருபதுக்கு வாசலில் அறிவழகனின் வெள்ளைக் கார் நிற்கும். மழையோ பந்த்தோ, அது நிற்காத நாளில்லை. நாங்கள் நாலு டீச்சர்கள் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்போம். எங்களோடு வேலை பார்க்கும் சிவசங்கரி மட்டும் அந்தக் காரில் ஏறி, ஏசி காற்றில் எங்களைக் கடந்து விருத்தாசலம் போய்விடுவாள். எங்களையும் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, "சங்கரிக்குக் கூட்டம் ஒத்துக்காதுங்க" என்றார் அறிவழகன். "கொடுத்து வச்ச மகராசி" என்று நான்தான் அவளை அதிகமாகச் சொல்லியிருப்பேன். வயிற்றெரிச்சலில் சொன்னதுதான்.

சிவசங்கரி அறிவியல் டீச்சர். நாற்பத்து மூன்று வயது. அறிவழகன் அவளுடைய கணவர். செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்து ஃபியூஸ் கட்டையும் வாஷ்பேசினும் செய்கிறார். குடி கிடையாது, அதட்டல் கிடையாது. பதினாலு வருஷமாகக் காலையில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் கூட்டிப் போகிறார். கடைக்கு, கல்யாணத்துக்கு, பல் டாக்டரிடம், எங்கே போனாலும் அவர்தான் ஓட்டுவார், அவர்தான் வெளியே உட்கார்ந்திருப்பார். "வாசுகி, நான் தனியா ஒரு டீ குடிச்சு பதினாலு வருஷமாவுது" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன தை மாதம் தைரியம் வந்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக அவரிடம் சொன்னாள். மறுப்பார் என்று பார்த்தால், "அதுக்கு எதுக்கு டிரைவிங் ஸ்கூலு? நானே சொல்லித் தரேன்" என்றுவிட்டார். அன்றே எல் போர்டும் வாங்கி வந்து ஒட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் பாடம். சூளையில் கோணிப்போன வாஷ்பேசின்களை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி ஓட்டச் சொல்வார். அவள் இடது கை கியரைப் பிடித்தால் அதன் மேல் அவர் கை இருக்கும். கியரை விட்டால் அவர் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போய்விடும். அவள் கிளட்சை மிதிப்பாள், கியரை அவர் தள்ளுவார். முதல் கியர், ரெண்டாவது கியர், அவ்வளவுதான். மூன்றாவதைக் கேட்டால், "நம்ம ஊரு ரோட்டுக்கு ரெண்டே போதும்மா" என்பார். ஆறு மாதம் என்ஜின் கத்தக் கத்த ரெண்டாவது கியரிலேயே வாஷ்பேசின்களைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். செக்கு மாடுகூட எண்ணெய் கொடுக்கும், இவளுக்கு என்ன கிடைத்தது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, கெஞ்சிக் கூத்தாடி மெயின் ரோட்டுக்கு வந்தாள். ரோடு காலியாக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுத்த நேரத்தில் கிளட்சை மிதித்து மூன்றாவதுக்குத் தள்ளிவிட்டாள். கத்திக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று அமைதியானது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தன்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்ததாகச் சொன்னாள். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய், வண்டி ரோட்டோரத்தில் ஆஃப் ஆகி நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அழுதார். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?" அன்றோடு பாடம் முடிந்தது. எல் போர்டையும் உரித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் யாரிடமும் சொல்ல முடியாத குறைக்குக் கொளஞ்சியப்பர் இருக்கிறார். ஸ்டேஷனில் புகார் கொடுப்பது போல, இன்னார் மேல் இன்ன குறை என்று தாளில் எழுதிக் கோயிலில் பிராது கட்டுவோம். சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். சிவசங்கரியும் கட்ட முடிவு செய்தாள். கோயிலுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது யார்? அவரேதான். டிரான்ஸ்ஃபருக்காக வேண்டுதல் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். துணைக்கு நான் பின் சீட்டில் இருந்தேன். தன் மேலேயே புகார் கொடுக்கப் பொண்டாட்டியை ஏசி போட்டுக் கூட்டிப் போன மனுஷன் இந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் வண்டியிலேயே இருந்தார். நாங்கள் மட்டும் உள்ளே போனோம். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். கடைசியில், பிராது எழுதிக் கொடுக்கும் நல்லமுத்து என்ற பெரியவரிடம் தாளை நீட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். அவர் சத்தமாகவே படித்தார்.

"என் கணவர் என்னை எங்கேயும் தனியாக விடுவதில்லை. எனக்கு ஒரு கஷ்டமும் வராமல் பார்த்துக்கொள்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இதுல குறை எங்கம்மா இருக்குது? பக்கத்துல நிக்குதே அந்தம்மா, புருஷன் மண்டைய ஒடச்சிட்டான்னு எழுத வந்திருக்குது. நீங்க போயி ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வூட்டுக்குப் போங்க."

சிவசங்கரி தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதினாலு வருஷம் நானும் அந்தப் பெரியவர் சொன்னதைத்தானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்?

வெளியே வந்ததும், "நான் ஓட்டட்டுமாங்க?" என்று கேட்டாள். "வெயிலா இருக்குதும்மா, இன்னொரு நாளு" என்று கதவைத் திறந்துவிட்டார் அவர். ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ்ஸில் ஏறினாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாளாம். உட்கார இடமில்லை. ஒரு கூடைக்காரம்மாவுக்கும் கம்பிக்கும் நடுவில் நசுங்கி, வியர்த்து விறுவிறுத்து நின்றாள். பையிலிருந்து போன் விடாமல் அடித்தது, அணைத்துப் போட்டாள். "டிக்கெட்டு எவ்வளவு வாசுகி?" என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அந்த வண்டியும் நின்றது, கிளம்பினால் கிளம்பியது. டிரைவர் கையைக் காட்டி வழிவிட்டும் முந்தவில்லை. கண்டக்டர் தமிழ்மணி படியில் தொங்கிப் பின்னால் பார்த்துவிட்டு உள்ளே கேட்டார்.

"வெள்ளக் காரு ஒண்ணு வுடாம பின்னாடியே வருதே. உள்ள யாருக்காவது தெரிஞ்சவங்களா?"

நாங்கள் நாலு பேரும் சிவசங்கரியைப் பார்த்தோம். அவள் திரும்பவே இல்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரே முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "தெரியாதுங்க" என்றாள்.