நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லை

முழங்கால் இரண்டும் அன்று காலையிலிருந்தே விண்விண் என்று தெறித்தன. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று நான் குடிக்கவில்லை. அசந்து தூங்கவும் இல்லை. அப்படி வலிக்கிற உடம்புக்குக் கனவு எங்கிருந்து வரும்? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என்னோடு பதினொரு பேர் நடந்தார்கள். அதில் பத்துப் பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

பதினொன்றாவது ஆள் என் தங்கை.

இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நான். கப்பலின் சரக்கறைக்குள் இரும்பு ஏணியில் ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தது. சுமக்க முடியாமல் போனதும் வாய்தான் மிச்சம். சனிக்கிழமை தோறும் துறைமுக வரலாற்று நடை ஒன்று நடத்துகிறார்கள். அதில் ஊர் சுற்றிக் காட்டுகிற வேலை. மணிக்கூண்டில் தொடங்கி, கயிற்றுக் கிடங்கு, சுங்கப் படிக்கட்டு வழியாக மூன்றாம் துறையில் உள்ள கூலியாட்கள் கொட்டகையில் முடியும். என் சட்டைக் காலரில் ஒரு மைக். வருகிறவர்கள் கழுத்தில் தீப்பெட்டி அளவு கருவி, காதில் சின்ன இயர்போன். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவ்வளவுதான். எனக்கு எதுவும் கேட்காது.

என்ன பேச வேண்டும் என்று ஆபீசில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். கொட்டகையில் சொல்ல வேண்டிய பத்தியில் ஒரு வாக்கியம் உண்டு: "வெளியே வந்துவிட்ட ஒரு தொழிலாளி, மூட்டை திருடுவதற்காக மறுபடி இறங்கி, உள்ளே சிக்கி உயிரிழந்தார்."

அந்தத் தொழிலாளி என் தங்கை புருஷன். அந்த வாக்கியம் பொய். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொட்டகைச் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கும். சரக்கறைக்குள் இறங்கும்போது, நம்பர் போட்ட பித்தளை வில்லையைச் சிவப்புப் பலகையில் மாட்டுவோம். ஏறி வந்ததும் எடுத்து வெள்ளைப் பலகையில் மாட்ட வேண்டும். சிவப்புப் பலகை காலியானால்தான் மேஸ்திரி சரக்கறையின் இரும்பு மூடியைப் போடச் சொல்வார். மூடியதும் தானியத்துக்குப் பூச்சி மருந்துப் புகை விடுவார்கள். ஆனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. குழாயடியில் இடம் பிடிக்க ஓடுகிறவனுடைய வில்லையைக் கூட்டாளி மாற்றி மாட்டிவிடுவான். தினமும் நடக்கிற காரியம்.

மாப்பிள்ளை செத்த அன்று அவருக்குக் காய்ச்சல். ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்திருந்தார். நான் ஏறி வந்தபோது அவரைக் காணவில்லை. குழாயடிக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுக்கவில்லை. அவருடைய நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லையை எடுத்து வெள்ளைப் பலகையில் மாட்டினேன்.

அவர் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விசாரணையில், வில்லை வெள்ளைப் பலகையில் இருந்ததால் ஆள் வெளியே வந்தாயிற்று, திருடத்தான் திரும்ப இறங்கியிருக்கிறான் என்று எழுதி மூடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போவேன் என்ற பயம். இருபத்தாறு வருஷமாக என் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறாள். திருடன் பெண்டாட்டி என்று அவள் காதுபடவே பேசியவர்கள் உண்டு. "அவரு எடுத்திருக்க மாட்டாரு" என்பதற்கு மேல் அவள் ஒரு சொல் பேசியதில்லை.

கொட்டகையை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவளாகவே வந்தாள். "இடிக்கிறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடுறேன் அண்ணே" என்றாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

வழியெல்லாம் ஒரே யோசனை. அந்த வாக்கியத்தை அவள் முன்னால் சொல்வதா? அல்லது இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவதா?

மாலை 4:30. மணிக்கூண்டு. எல்லோருக்கும் கருவியைக் கொடுத்தேன். பெட்டியில் கடைசியாகக் கிடந்தது ஒன்பதாம் நம்பர். அதைத் தங்கை கழுத்தில் மாட்டினேன். கேட்கிறதா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள்.

4:52. கயிற்றுக் கிடங்கு. தேங்காய் நார்க் கயிறு எத்தனை டன் தாங்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கடைசியில் யாரோ சிரித்தார்கள். என் தங்கை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். கயிற்றில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தச் சிரிப்பைக் கேட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

5:10. சுங்கப் படிக்கட்டு. தொப்பி போட்ட ஒரு ரிட்டையர்டு கணக்கு வாத்தியார் என் பக்கத்தில் வந்தார். நடை தொடங்கியதிலிருந்தே என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தவர். "நடுநடுவுல டங்கு டங்குன்னு சத்தம் போடுறீங்களே, நல்லாதான் இருக்கு. அதுக்குத் தனியா டிக்கெட் கேப்பீங்களோ?" என்றார்.

நான் எந்தச் சத்தமும் போடவில்லை.

மைக் எங்காவது உரசியிருக்கும் என்று நினைத்தேன். காலரைச் சரி செய்துகொண்டேன்.

5:24. எல்லோரையும் இடது பக்கம் திரும்பச் சொன்னேன். பத்துப் பேர் திரும்பினார்கள். தங்கை வலது பக்கம் போனாள். புல் மண்டிய மூலையில், ஒரு துருப்பிடித்த குழாயின் முன் போய் நின்றாள். தண்ணீர் வந்து வருஷக்கணக்கு ஆன குழாய். அதைத் தடவிப் பார்த்தாள்.

அது எங்கள் பழைய குழாயடி. அவள் அங்கே அதற்கு முன் கால் வைத்ததில்லை. ஆபீஸ் எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. நானும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்...

5:37. கொட்டகை.

உள்ளே வெளிச்சம் மங்கியிருந்தது. தகரக் கூரையில் வெயிலின் சூடு மட்டும் மிச்சம். இரண்டு பலகைகளும் சுவரில். வில்லைகளில் நம்பர் அழிந்து போயிருந்தது. கொக்கிகளுக்கு மேல் எழுதியிருந்த எண்களும் இல்லை. தங்கை நேராக வெள்ளைப் பலகைக்குப் போனாள். மூன்றாவது வரிசையில் கடைசிக்கு முந்தின வில்லையின் மேல் விரலை வைத்தாள்.

சரியான வில்லை.



பேசத் தொடங்கினேன். பலகைகளைப் பற்றிச் சொன்னேன். புகையைப் பற்றிச் சொன்னேன். அந்த வாக்கியம் வந்தது.

"வெளியே வந்துவிட்ட ஒரு தொழிலாளி..."

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் காதைத் தொட்டார்கள்.

நிறுத்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுபடி தொடங்கினேன். "வெளியே வந்துவிட்ட..."

ஒரு பெண் இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள். வாத்தியார் முகத்தில் கிண்டல் இல்லை. "போதும்யா. நிறுத்திடுங்க" என்றார்.

அவர் காதிலிருந்ததை வாங்கி என் காதில் வைத்தேன்.

என் மூச்சுச் சத்தம்...

அப்புறம்...

டொங்... டொங்... டொங்...

இரும்பு மூடியை உள்ளேயிருந்து கையால் தட்டுகிற சத்தம். இருபத்திரண்டு வருஷம் அந்த இரும்போடு வாழ்ந்தவனுக்கு அது தெரியும்.

மைக்கை அணைத்தேன். அதன் விளக்கு அணைந்தது.

டொங்... டொங்...

சத்தம் நிற்கவில்லை.

டொங்...

தட்டுகிற கை சோர்ந்துகொண்டே வந்தது.

டொ...

பிறகு ஒன்றுமில்லை.

மணி 5:44.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. நடை முடிந்தது என்று மட்டும் சொன்னேன். ஆட்கள் கருவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வேகவேகமாக வெளியேறினார்கள். வழக்கமாகக் கை தட்டுவார்கள். அன்று ஒருவரும் தட்டவில்லை.

தங்கை மட்டும் நிதானமாக வந்தாள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முகம் கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருந்தது.

அந்தத் தட்டுகிற சத்தம் உனக்கும் கேட்டதா என்று கேட்டேன்.

"என்ன சத்தம்? எனக்கு அவரு பேசினதுதான் கேட்டுச்சு" என்றாள்.

"யாரு?"

"உன் மாப்பிள்ளதான். வழி பூரா பேசிட்டே வந்தாரு. கயித்துக் கிடங்குல நீ ஒருநாள் தலைகுப்புற விழுந்தியாமே, அதச் சொன்னாரு. குழாயக் காட்டினாரு. நீதான் காதுல கேக்குற மாதிரி ஏதோ பண்ணி வச்சிருக்கேன்னு நெனச்சேன். அப்புறந்தான் யோசிச்சேன், அவரு குரலுக்கு எங்க போவ நீ?"

கயிற்றுக் கிடங்கில் நான் விழுந்தது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உன் மேல கோவப்படக் கூடாதுன்னாரு அண்ணே."

நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் எதுக்குக் கோவப்படணும்னு கேட்டேன். அத உங்கண்ணனே சொல்வான்னாரு." என் முகத்தைப் பார்த்தாள். "எதுக்குண்ணே?"

பஸ் வந்துவிட்டது, ஏறு என்றேன்.

அன்றிரவு முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கருவிகளில் ஏதோ கோளாறு. தங்கைக்கு மனசு தாங்காமல் ஏதோ கேட்டிருக்கும். மாப்பிள்ளையே என்றைக்காவது கயிற்றுக் கிடங்குக் கதையை வீட்டில் சொல்லியிருப்பார்.

திங்கட்கிழமை காலை 9:15. பெட்டியை ஆபீசில் ஒப்படைக்கப் போனேன். கருவிகளுக்குச் சார்ஜ் போடுகிற பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒன்பதாம் நம்பரைக் கையில் எடுத்ததும் முகத்தைச் சுளித்தாள். "இத ஏன் சார் எடுத்துட்டுப் போனீங்க? ரிப்பேருக்குன்னு தனியா வச்சிருந்தேனே" என்றாள்.

பின்மூடியைக் கழற்றிக் காட்டினாள்.

உள்ளே பேட்டரி இல்லை. இயர்போனுக்குப் போகும் கம்பியும் இல்லை. இரண்டையும் மூன்று வாரத்துக்கு முன்பே கழற்றி எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

அது வெறும் கூடு.

ஏழு மாதம் ஆகிறது. கொட்டகை இருந்த இடம் தரைமட்டம். வேலையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருகிறாள். மறுபடி அவள் கேட்கவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கைக்கு நான் ஒரு வாக்கியம் கடன்பட்டிருக்கிறேன். வில்லையை மாற்றி மாட்டியது நான்தான் என்கிற வாக்கியம். அதை இன்னும் அவளுக்குக் கொடுக்கவில்லை.