ஒருவரும் வாசிக்காத ஏழாம் படலம்

அந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு நான் படிப்பிக்க வேண்டியிருந்தது செய்யுளில் எழுதிய ஒரு சரித்திரக் கதை. பறங்கியர் எங்கள் துறைமுகத்துக்குள் கப்பல் விட்ட காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு படலத்தையும் ஒவ்வொரு ஆள் சொல்லுவதாக அமைந்திருந்தது. கப்பல் தலைவன் ஒரு படலம், ஓடக்காரன் ஒரு படலம், கோயில் மணியடிப்பவன் ஒரு படலம். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் புத்தகங்கள் வந்து சேரவில்லை. அதிபரிடம் இருந்த ஒரே பிரதியை ரோனியோ மெசினில் அடித்து, மை அப்பிய தாள்களாகக் கொடுத்தோம்.

சும்மா வாசிக்கவிட்டால் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள் என்று ஆளுக்கொரு பாத்திரம் பிரித்தேன். பெடியன்கள் அத்தனை பேரும் கப்பல் தலைவனாகத்தான் வருவோம் என்று அடம்பிடித்தார்கள். "எல்லாரும் கப்பலில ஏறினால் கரையில நிண்டு அடி வாங்குறது ஆர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த நாட்களில் ஒரு வகுப்பைச் சிரிக்க வைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. என்னைவிட நல்ல ரீச்சர் இந்தத் திருகோணமலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஏழாம் படலம் ஓடக்காரனின் மகளுடையது. கப்பலுக்கு வழிகாட்டவென்று தகப்பனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் திரும்பவில்லை. மகள் கரையில் இருந்து ஒப்பாரி சொல்லுகிறாள்.

அலை திரும்பி வருகுதப்பா, ஆள் திரும்பி வரவில்லை;
உலை வைத்த பானையிலே உன் பங்கும் வேகுதப்பா.

இப்படியே போய்க் கடைசி அடியில், தகப்பன் போனபின் முதல் தடவையாக, அவள் ஒரு சுண்டு அரிசியைக் குறைத்து உலையில் போடுவாள். அதை வாசிக்கக்கூடிய குரல் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத்தான் இருந்தது. இறக்கக்கண்டியிலிருந்து இடம்பெயர்ந்து, அன்புவழிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தாயோடு இருந்தவள். கேட்டாலொழியக் கதைக்கமாட்டாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் கடைசி வாங்கில் இருப்பவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். ஒப்பாரியைப் பாடமாக்கிக்கொண்டு வா என்று அவளிடம் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுத் தாளை வாங்கினாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளிடம் தகப்பனைப் பற்றிக் கேட்கமாட்டோம். யாரும் போட்ட சட்டமில்லை. ஒருமுறை ஒரு ஆசிரியை கேட்கப்போய், ஒரு பிள்ளை அழ, அதைப் பார்த்து அரை வகுப்பு அழுததிலிருந்து அப்படி ஆகிவிட்டது. வரவு இடாப்பில் எழுதியிருப்பதோடு நிறுத்திக்கொள்ளுவோம். அவளுடைய பெயருக்கு நேரே தகப்பன் தொழில் மீன்பிடி என்று இருந்தது. தேர்ச்சி அறிக்கையில் ஏன் தாயின் ஒப்பம் மட்டும் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதற்கு, "அப்பா கடலுக்குப் போட்டார் ரீச்சர்" என்றாள். மீன் பிடிக்கிறவர் கடலுக்குப் போகாமல் வேறெங்கே போவார் என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முதல் மணி அடிக்க முன்னமே தாய் வந்து நின்றார். நெற்றியில் வட்டமான குங்குமப் பொட்டு. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ரீச்சர், நீங்கள் கோவிக்கப்படாது. என்ர பிள்ளை நேற்றுக் குசினிக்குள்ள நிண்டு ஒப்பாரி சொன்னவள். உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆரும் ஒப்பாரி சொல்லுறதே?"

எனக்கு விளங்கவில்லை. அது பாடத்தில் வருவது, பழைய காலத்துக் கதை என்று தொடங்கினேன்.

"அவர் கடலுக்குப் போய்ப் பத்து மாசம். வள்ளமும் வரேல்ல, ஆளும் வரேல்ல. எல்லாரும் ஒவ்வொரு கதை சொல்லுகினம். நான் இண்டைக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் சோறு போடுறன். அவர் வரேக்க, நீங்கள் இல்லையெண்டு உங்கட பிள்ளை அழுது முடிச்சிட்டாள் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா."

"கேட்டிருக்கலாமே ரீச்சர்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கேட்காமல் இருப்பதுதான் கருணை என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் பதிலைத் தாங்க எங்களுக்குப் பயம், அவ்வளவுதான்.

இனி அந்தப் பாட்டை என் வகுப்பில் யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவருடைய மகளுக்குக் கோயில் மணியடிப்பவனின் பங்கைக் கொடுத்தேன். ஏழாம் படலம் வந்த அன்று, "இதை விட்டிட்டு எட்டுக்குப் போவம்" என்றேன். ஏன் என்று ஒரு பெடியன் கேட்டான். மணி போய்விடும், வாசி என்று அதட்டினேன். அவள் தாளைவிட்டுத் தலை நிமிரவில்லை.

தவணைப் பரீட்சை வினாத்தாள் வெளியிலிருந்து வருவது. வந்தது. ஓடக்காரன் மகளின் துயரத்தைச் செய்யுளடிகளைக் காட்டி விளக்குக என்று அதில் ஒரு கேள்வி. முழு வகுப்பும் என்னைப் பார்த்தது. நான் யன்னலைப் பார்த்தேன்.

ஆசிரியர் அறையில் இருந்து திருத்தினேன். அநேகமானோர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அன்று ஏன் என்று கேட்ட பெடியன் மட்டும் "ரீச்சர் படிப்பிக்கவில்லை" என்று ஒளிக்காமல் எழுதியிருந்தான். பிறகு அவளுடைய தாள். ஒப்பாரியை முதல் அடியிலிருந்து, அரிசி குறைக்கும் கடைசி அடிவரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் இப்படி இருந்தது:

"சத்தமா வாசிக்கேல்ல ரீச்சர். மனசுக்குள்ளதான் பாடமாக்கினனான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்."

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். தாய்தான் பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை தகப்பனைத் தனியாக அழுது முடித்துவிட்டு, தாய்க்காக, அவர் வருவார் என்று தானும் காத்திருக்கிற மாதிரி நடமாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

விடைத்தாள்களைப் பெற்றோரிடம் காட்டி ஒப்பம் வாங்கிவர வேண்டும். முழுப் புள்ளியையும் இட்டு, அவளுடைய தாளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். எங்கேயோ தவறிவிட்டது என்று வகுப்பில் சொன்னபோது அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். நன்றி என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

கொஞ்ச நாளில் சந்தையில் தாயைக் கண்டேன். பொட்டு அப்படியே இருந்தது. மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"ரீச்சர், அந்தப் பாட்டை விட்டிட்டியள்தானே?"

"ஓம் அக்கா. ஒருத்தரும் வாசிக்கேல்ல."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருநாளைக்கு வீட்டை சாப்பிட வாங்கோ ரீச்சர். சொல்லிப்போட்டு வரவேணுமெண்டு இல்லை. எங்கட பானையில எப்பவும் ஒரு ஆளுக்குச் சோறு மிஞ்சும்."