யூக்கலிப்டஸ் கூடத்துக்கு நான் ஊத்தின மீன் தண்ணி

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் வருசங்களில, ஜெர்மனியில கொலோனுக்குப் பக்கத்தில ஒரு செடித்தோட்டத்தில நான் உதவியாளாய் வேலை செய்தன். என்ர பொறுப்பில ஒரு கண்ணாடிக் கூடம். நடுவில யூக்கலிப்டஸ் மரம் மூண்டு. அவுஸ்திரேலியாக் காட்டில அந்த மரங்களுக்குக் கீழ வளருற பங்ஸியா, கிறெவில்லியா எண்டு புதர்ச்செடியள் சுத்திவர. எல்லாம் தலைமைத் தோட்டக்காரி விதை போட்டு வளர்த்தது. தனிமனிசி, ஜெர்மன்காரி, எங்களோட கதைக்கிறதை விட அதுகளோடதான் கூடக் கதைப்பா.

முதல் நாளே சொல்லிப்போட்டா: "இந்தக் கூடத்துக்கு ஒரு பசளையும் போடாதேங்கோ. தண்ணி மட்டும்." மண்ணைக் கிள்ளிப் பாத்தன், வெறும் மணல். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வளர்க்கிற சீவனைப் பட்டினி போடவும் ஒரு சட்டமோ? இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில பசியெண்டால் என்னெண்டு நான் கண்டனான். இவா எங்க கண்டவா?

வீட்டில என்ர கறிவேப்பிலைக்கு மீன் கழுவின தண்ணிதான். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் ஊத்துறது. இந்தக் குளிரிலயும் அது தளதளவெண்டு நிண்டது. அதால ஞாயிற்றுக்கிழமை மீன் காய்ச்சினால், திங்கட்கிழமை போத்திலோடதான் வேலைக்குப் போவன். தலை, முள்ளையெல்லாம் இடிச்சு வேரடியில தாட்டன். ஒண்டுக்குக் குடுத்து ஒண்டை விடுறதில்லை. மணமோ? அந்தத் தைல மணத்துக்குள்ள ஆருக்குத் தெரியும்! மூலையில இலையே இல்லாமல் ஒரு கம்பு நிண்டது. செத்ததுக்கு ஏன் எண்டு அதுக்கு மட்டும் ஊத்தேல்லை.

மாசி மாதம் ஒரு பங்ஸியாவின்ர இலை நுனி கறுத்தது. அடுத்த கிழமை முழு இலையும். பிறகு பக்கத்துச் செடி. இன்னும் பசி மாறேல்லையாக்கும் எண்டு, ஐயோ, நான் இன்னும் கூட ஊத்தினன். மரங்கள் மூண்டும் அசையாமல் நிண்டது, கீழ ஒவ்வொண்டாய்க் கருகிக்கொண்டு வந்தது.

தோட்டக்காரி இது வேரழுகல் நோய் எண்டு நினைச்சா. மற்றக் கூடங்களுக்குத் தொத்த முதல், மரங்களோட சேர்த்து எல்லாத்தையும் நாளைக்கு வெட்டி எரிக்கிறதெண்டு சொல்லேக்க அவாவின்ர குரல் உடைஞ்சுபோச்சு. நான் அப்ப நிரந்தர வதிவிடத்துக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டிருந்தன். வேலை போனால் அதுவும் போகும். வாயைத் திறக்காட்டி மரங்கள் மூண்டும் போகும்.

மத்தியானம் வரைக்கும் விழுங்கி விழுங்கிப் பாத்தன். ஏலாமல் போச்சு. போய்ச் சொன்னன்.

ஏசுவா எண்டு நிண்டன். ஏசேல்லை. "எல்லாத்துக்குமோ ஊத்தினீங்கள்?" எண்டு மெல்லக் கேட்டா. "ஓம், எல்லாத்துக்கும்."

"ஒண்டுமில்லாத மண்ணில இருக்கிறதை இழுத்தெடுத்துச் சீவிச்சுப் பழகின வேர் இந்தப் புதருகளுக்கு. கூடக் கிடைச்சாலும் நிப்பாட்டத் தெரியாது. உங்கட சாப்பாடு அதுகளுக்கு நஞ்சு" எண்டா. பிறகு மூலையைக் காட்டினா. "அதுக்கும்தானோ?"

"இல்லை. செத்திட்டுதெண்டு விட்டிட்டன்."

போய் முழங்காலில இருந்து, கம்பின்ர பட்டையை நகத்தால கீறினா. உள்ள பச்சை. அதைப் பிடிச்சுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதா.

மரங்களை வெட்டேல்லை. என்ர ஒப்பந்தத்தை நீட்டவும் இல்லை. வேலை இல்லையெண்டு அன்ட்ராக்கும் மறுத்துத் திரும்பி வந்தது. அந்தக் கூடத்துப் புதருகளில தப்பினது, நான் இரக்கப்படாமல் விட்ட அந்தக் கம்பு ஒண்டுதான்.