துறைமுகச் சாலையில் நாற்பது சிவப்புத் துணிகள்

சிவப்பைப் பார்த்து நிறுத்தினேனா, மகளைப் பார்த்து நிறுத்தினேனா? மூன்று வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் திருப்பூர். கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. நான் மட்டும் வெளியூரில், ஒரு துறைமுக நகரத்தில், புதிதாகப் போட்டிருக்கும் இலகு ரயிலுக்கு ஓட்டுநராகப் பயிற்சி பெறுகிறேன். இரண்டே பெட்டி, மேலே மின்கம்பி, சாலையோடு சாலையாக ஓடும் ரயில். தனிச் சுவரோ வேலியோ கிடையாது. பேருந்தும் மீன்வண்டியும் பக்கத்திலேயே வரும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். பகலில் மகளைப் பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். இதை எழுதும்போதே, "இதெல்லாம் ஒரு அம்மா செய்கிற வேலையா" என்று ஒரு குரல் எனக்குள் கேட்கிறது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

படித்தது எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. தண்டவாளம் போடும்போதே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு பரபரக்கிறது. இரண்டு தண்டவாளங்களை ஒட்டுவதற்காகப் பற்றவைக்கும் மருந்து வெள்ளையாகக் கொதித்து இறங்குவதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்த வேலை தெர்மாக்கோல் வண்டிதான். ஒரு தள்ளுவண்டியில் ரயிலின் அகலத்துக்குச் சட்டம் அடித்து, அதன் ஓரமெல்லாம் தெர்மாக்கோல் ஒட்டி, பாதை நெடுகத் தள்ளிக்கொண்டு போவோம். எங்கே தெர்மாக்கோல் உடைகிறதோ அங்கே நாளை ரயில் இடிக்கும். பெட்டிக்கடையின் தகரக் கூரை, ஒரு வேப்பங்கிளை, சுவரோரம் யாரோ காயப்போட்ட வலை என்று உடைந்த இடங்களையெல்லாம் குறித்தேன். அந்தப் பாதை முழுவதையும் நான் நடந்தே அளந்திருக்கிறேன். அதனால்தான் ஓட்டுநர் வேலைக்கு எங்களுக்குள்ளேயே ஆள் எடுத்தபோது, இரண்டு நாள் தயங்கிவிட்டு மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது விரலும் வாயும். ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கத்திலும் கவனம் தப்பாமலிருக்க இந்தப் பழக்கம். அது எனக்கு எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், திருப்பூரில் ஸ்கூட்டரில் போகும்போது குமரன் சாலை சிக்னலில் விரலை நீட்டி, "சிவப்பு. நிற்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து வண்டிக்காரர் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்னால் நின்றிருந்த மகள் உடனே பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர் பச்சைச் சட்டை போட்டு வந்தால்கூட விரலை நீட்டி, "பச்சை! போலாம்!" என்பாள். அவரும் பாவம், சரி கண்ணு என்று போய்விடுவார்.

கடைசித் தேர்வு ஓட்டம் ஒரு சனிக்கிழமை காலையில். பயணிகள் கிடையாது. அவர்களுடைய எடைக்குப் பதிலாக இருக்கைகளில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். எனக்குப் பின்னால் பயிற்சியாளர் நிற்பார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், சென்னைக்காரர், ஆறு வருடம் மெட்ரோ ஓட்டியவர். இந்த ஓட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் ஆட்களை ஏற்றி ஓட்ட முடியும். போடாவிட்டால் மறுபடியும் பணிமனை, கம்பி, திருப்புளி.

முந்தைய நாள் கணவர் போனில் கேட்டார்.

"அம்மிணி, வண்டி என்ன கலரு?"

"வெள்ளைங்க. ஓரத்துல நீலம். ஏனுங்க?"

"சும்மாதான் கேட்டேன். நாங்க வர்றோமல்ல."

அவர் என் வேலையைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். ஏன் கேட்டார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் நிறத்தைப் பற்றிக் கேட்டால் அது வெறும் பேச்சாக இருக்காது.

துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு நேரான பாதை உண்டு. இடது பக்கம் கிரேன்கள், வலது பக்கம் மீன் ஏலக் கூடம். வளைவு முடிந்து வண்டி அந்த நேர்ப்பாதைக்கு வந்தது. சக்கரத்தின் கிரீச்சல் அடங்கியது, வேகம் ஏறியது, கடல் காற்று கண்ணாடியில் உப்பாகப் படிந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எப்போதாவதுதான் உணர்ந்திருக்கிறேன். சிக்னலுக்கு விரலை நீட்டி, "பச்சை" என்றேன்.

அடுத்த நொடி எதிரே ஒரே சிவப்பு.

பாதையோரம் ஒரு கூட்டமே நின்று சிவப்புத் துணியை வீசிக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள், மீன்காரம்மாக்கள், டீக்கடைக்காரர், எல்லோர் கையிலும் சிவப்பு. நடுவில் என் கணவர். அவர் தோளில் என் மகள், இரண்டு கையிலும் சிவப்பு.

எங்கள் விதிப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: பாதையோரம் யார் சிவப்பை வீசினாலும் உடனே நிறுத்து, காரணம் பிறகு. கைப்பிடியைக் கடைசி வரை இழுத்தேன். காந்த பிரேக் தண்டவாளத்தைப் பிடித்தது, சக்கரம் வழுக்காமலிருக்க அதன் முன்னால் மணல் கொட்டியது, மணி தானாக அடித்தது. பின்னால் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழும் சத்தம். வண்டி நின்றது.

கூட்டம் கைதட்டியது. அவர்களைப் பார்த்த சந்தோஷத்தில்தான் நான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, எதுக்கு நிறுத்துனீங்க?" பயிற்சியாளர் குரலில் சிரிப்பு இல்லை.

"சிவப்பு காட்டினாங்க."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரருங்க."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள். பாதையில் என்ன தடை? தடை இல்லை, சிவப்புத் துணி என்றேன். எத்தனை? நாற்பது இருக்கும் என்றேன். நாற்பதா என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குள் கணவர் மூச்சு வாங்க ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மிணி, எங்களுக்காகவா நிறுத்தின! வெள்ளை வண்டிக்கு எதிர்க்க சிவப்புதான் எடுப்பாத் தெரியும்னு கொண்டாந்தேன். எக்ஸ்போர்ட் பீஸு, சாயம் போவாது!"

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும், எந்த விசேஷத்துக்குப் போனாலும், வெட்டி மிஞ்சிய துணி, கட்டிங் வேஸ்ட், ஒரு பை கூடவே போகும். மூக்குத் துடைக்க, வண்டி துடைக்க, குழந்தைக்கு விரிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். அவர் ஒரு குழந்தைகள் ஆர்டரில் மிஞ்சிய சிவப்பைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்து, நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். சிவப்பு என்றால் ரயிலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இருபது வருடமாகத் துணியில் வேலை செய்கிறவருக்கு, கையில் இருப்பது சிக்னல் என்று தோன்றவே இல்லை. அது ஒரு நல்ல ஷேடு, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் இறங்கிப் போனார். "சார், எல்லாத்தையும் திருப்பி வாங்குங்க. டாட்டா காட்டணும்னா ஒரு கைய மெதுவா ஆட்டுங்க. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா அதுவும் நிறுத்தச் சொல்றதுதான்."

கணவர் ஒவ்வொருவரிடமும் போய், "கோவிச்சுக்காதீங்க, அந்தத் துணியைக் கொஞ்சம் குடுத்துருங்க" என்று கேட்டதை நான் மேலிருந்து பார்த்தேன். ஒரு மீன்காரம்மா மட்டும் தரவில்லை. "குடுத்ததத் திருப்பிக் கேக்குற ஆள இப்பத்தான்யா பாக்குறேன்" என்று அதைச் சும்மாட்டுக்குள் சுருட்டிவைத்துக்கொண்டார்.

மூட்டைகளைத் திரும்ப அடுக்கினோம். அடுக்கும்போது பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னார்: "நிறுத்துனது சரிதான் அக்கா. இந்த மூட்டைக்கு வாய் இல்ல. நாளைக்கு உள்ள ஆளுங்க இருப்பாங்க. சிவப்பு இல்லாம உங்க பாப்பா மட்டும் நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அதத்தான் நான் பாக்கணும்."

வண்டியைப் பின்னால் கொண்டுபோய் அதே பாதையில் மறுபடியும் வந்தேன். இந்த முறை கூட்டம் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி அசையாமல் நின்றது. கணவர் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். வாய் முழுக்கச் சிரிப்பு. முன்பு நின்ற அம்மா இப்போதும் நிற்பாள் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

விரலை நீட்டினேன். "பச்சை." கைப்பிடி அப்படியே இருந்தது. மணியை இரண்டு முறை தட்டிவிட்டுக் கடந்தேன். பக்கக் கண்ணாடியில் அவள் முகம் கோணுவது தெரிந்தது. பிறகு அழுகை. அது காதில் விழவில்லை.

கடைசி நிறுத்தத்தில் கையெழுத்து கிடைத்தது. நான் குதித்தேன், உண்மையாகவே குதித்தேன். பயிற்சியாளரைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் தெருவிலேயே ரயில் ஓட்டும் முதல் பெண் நான்தான். பின்னாலேயே ஆட்டோவில் வந்து சேர்ந்த கணவரிடமிருந்து மகளைக் கையில் வாங்கியபோது அவள் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "அம்மா நிக்கல" என்றாள். அது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

இப்போது ஒரு வாரம் விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். அடுத்த மாதம் பயணிகளோடு ஓட்டம் தொடங்குகிறது. கணவருக்குத் துறைமுக நகரத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கும்போலிருக்கிறது. மூவரும் சேர்ந்து இருக்கலாம். கிடைத்திருக்கும் வாடகை வீடு மாடி. வாசல் வராந்தா என் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை அதைக் கடப்பேன். "பாப்பா உன்னய தெனமும் பாத்துட்டே இருக்கும்" என்று கணவர் குதூகலிக்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் பதினான்கு முறையும் நான் நிற்காமல் போவதை அவள் பார்ப்பாள். ஒரு முறை அவள் வராந்தாவில் இல்லாவிட்டால் என் கண் அங்கேயே நின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. சாலைக்கு மறுபுறம், உள்ளே தள்ளி, பாதை தெரியாத இன்னொரு வீடும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடி வீட்டின் உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். பேருந்தோ லாரியோ ஆட்டோவோ ஓட்டுகிறவர்கள், சொந்த வாசலைத் தினமும் நிற்காமல் கடந்து போகிறவர்கள், இதைப் படித்தால் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டதா? உங்கள் கண்ணுக்குப் பழகியதா? நான் எந்த வீட்டை எடுக்கட்டும்?