விசைப்பலகையில் சந்தனம்

நான் செய்த தப்புக்கு இன்னொருவரைப் பரீட்சையில் தோற்கடித்தேன். எண்பதுகளின் பிற்பகுதி. பம்பாய் செம்பூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில், இரும்பைக் கடையும் லேத் பிரிவு ஆசிரியனாக இருந்தேன்.

எங்களுக்குக் கம்ப்யூட்டரால் ஓடும் லேத் ஒன்று வந்தது. அதைக் கற்றுக்கொள்ள என்னை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது, அதை எப்படித் துடைப்பது என்பது மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பழைய லேத்தில் பொட்டு வைக்கச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. இதில் முக்கியமாகத் தெரிந்தது விசைப்பலகைதான். மாட்டுங்காவிலிருந்து கொண்டுபோன சந்தனத்தைக் குழைத்து, ஒரு விசை விடாமல் வைத்தேன். பிறகு, யாராவது சந்தேகம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, பரீட்சைவரை அறையைப் பூட்டிவிட்டேன்.

பரீட்சைக்கு முதலில் வந்தவர் நாற்பது வயதுத் தாராவிக்காரர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் வேலை பார்த்த பாண்டுப் தொழிற்சாலையும் இதே லேத்தை வாங்கியிருந்தது. தேறினால் அதை ஓட்டும் வேலை அவருக்கு. இல்லையென்றால் பேக்கிங் பிரிவு.

அளவில் தசமப் புள்ளி விட்டுப்போனால், அந்த இயந்திரம் நாற்பது மில்லிமீட்டரை மயிரிழையாக எடுத்துக்கொள்ளும்.

“சார், புள்ளி ஒருதடவ விழுது, ஒருதடவ விழமாட்டேங்கு.”

“பரீட்சையில பேசப்படாது.”

“பேசல சார், சொல்லுதேன்.”

குத்திக் குத்திப் புள்ளிகளை விழவைத்தார். ஒரே ஒரு வரியில் ஏமாந்துபோனார். வெட்டும் கத்தி நேராகப் போய் இரும்பில் மோதி உடைந்தது. பரீட்சை அதோடு நின்றது. புள்ளி விசையின் இடுக்கில் மஞ்சளாகக் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘கவனக்குறைவு’ என்று எழுதி ஃபெயில் போட்டேன்.

அன்று தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். மறுவாரம் அந்த இடுக்கை மனைவியின் கொண்டை ஊசியால் சுரண்டியபோதுதான் மனம் உறுத்தியது. சந்தனத்தின் வாசனைகூடப் போகவில்லை. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு முதல்வரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் மராட்டியர், பூஜையில் தேங்காய் உடைத்தவர்.

“அரே பாபா, நாரியல் தோ மைனே தோடா!” தேங்காயை உடைத்தது தானாயிற்றே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மறுபரீட்சைக்கு உத்தரவு போட்டு, காரணம் என்ற இடத்தில் ‘தூசி’ என்று எழுதினார்.

தாராவிக்காரர் இந்தத் தடவை தேறினார். அதற்குள் தொழிற்சாலையில் லேத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் முதல்வரின் கடிதத்தோடு அங்கே போய்க் கெஞ்சியும் பலனில்லை. தாராவியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

“ஏங்க, சந்தன வாத்தியார் வந்திருக்காவ!” என்று அவர் மனைவி உள்ளே குரல் கொடுத்தார். என் குற்றம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

“இப்பம் பேசலாமா சார்?” என்றார். பேசினார். ஒரு மணி நேரம் பேசினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, அழைக்காமலே பயிற்சி நிலையத்துக்கு வந்தார். கையில் அளவாக வெட்டிய பிளாஸ்டிக் தாள். விசைப்பலகைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டினார்.

“பேக்கிங்ல ஒரு வருசமா இதான சார் வேல. இப்பம் வைங்க பொட்ட.”